குலைநோய்ப் பூஞ்சையைப் பூட்டி வைக்கும் குப்பி

தஞ்சை டெல்டாவின் நெல் வயல்களைக் குலைநோய் சூறையாடிய ஆண்டு 1919. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவானதும் இதே காவிரிப் படுகையில்தான், 1913இல். முதலில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும்; பிறகு கணு கறுக்கும்; கடைசியில் கதிரின் கழுத்து அழுகி ஒடியும். பால் பிடிக்க வேண்டிய மணி பதராகிவிடும். இரவில் குளிர், விடியலில் இலை நனையப் பனி, இடையிடையே தூறல் என்று வானிலை அமைந்தால் சம்பா, தாளடிப் பயிர்களில் இன்றும் குலைநோய் தலைகாட்டும்.

நோயை எதிர்க்க ரகங்கள் உருவாக்கப்பட்டன. குலைநோயைத் தாங்கும் கோ 4 ரகத்தையும், நோய்க்கு எளிதில் இரையாகும் ஏடிடீ 10 ரகத்தையும் இணைத்து கோ 25 வந்தது. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய ரகங்கள் டெல்டாவுக்குக் கிடைத்தன. பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. நேற்று எதிர்த்து நின்ற ரகத்தை இன்று தாக்கும் புதிய வகைகளாக அது மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே நோயியலாளர் கேட்கும் முதல் கேள்வி, இந்த ஆண்டு வந்த பூஞ்சை பத்தாண்டுக்கு முன் வந்ததேதானா என்பது.

பழைய பூஞ்சை உயிரோடு கையில் இருந்தால்தான் இதற்கு முழுப் பதில் கிடைக்கும். 1919ஆம் ஆண்டின் பூஞ்சையை இன்றைய ரகங்களின் மீது தெளித்துப் பார்க்க நமக்கு வழியில்லை. உயிரணுக்களை உறைய வைத்து, ஆண்டுகள் கழித்து மீண்டும் உயிர்ப்பிக்கக் கிளிசரால் உதவும் என்பதே 1949இல்தான் தெரியவந்தது. இன்று அந்த வழி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியை நம்பியிருக்கிறது.

பழைய மாதிரிகளால் என்ன பயன் என்பதை 2016இல் வங்கதேசம் காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அங்குக் கோதுமை வயல்கள் திடீரென வெளுத்தன. குலைநோய்ப் பூஞ்சையின் கோதுமையைத் தாக்கும் உறவினம் ஆசியாவில் காலடி வைத்த முதல் நிகழ்வு அது. சுமார் 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. நோயுற்ற இலைகளிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை, வெவ்வேறு நாடுகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அது தென்னமெரிக்க வழித்தோன்றல் என்பது சில வாரங்களிலேயே தெரிந்தது. பழைய பூஞ்சைகளை யாரும் எடுத்து வைத்திருக்காவிட்டால், எதனோடு ஒப்பிடுவது?

ஏன் உறைய வைக்க வேண்டும்?

குலைநோய்ப் பூஞ்சையை ஓட்ஸ் ஊட்டம் கலந்த அகார் தட்டில் வளர்க்கலாம். தட்டு காய்வதற்குள் புதிய தட்டுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் முடியும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் நாம் அறியாமல் ஒரு தேர்வு நடக்கிறது. அகாரில் வேகமாக வளர்வது முந்துகிறது. நெல்லைத் தாக்கும் திறன் அங்கே தேவைப்படாததால் மங்குகிறது. வித்து உருவாக்கும் திறனும் குறைந்துவிடுவது உண்டு. பெயர் அதேதான், குணம் வேறு. பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ், உயிர் உரமாகப் பயன்படும் அசோஸ்பைரில்லம், நோய்க்கட்டுப்பாட்டுக்கு உதவும் சூடோமோனாஸ் ஆகியவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. வளர்ச்சியை நிறுத்திவிட்டால் மாற்றமும் நின்றுவிடும். உறைய வைப்பதன் நோக்கம் அதுதான்.

எவ்வளவு குளிர் வேண்டும்? −20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது போலத் தோன்றினாலும், உப்பு செறிந்த துளிகள் அதற்குள் திரவமாகவே இருக்கும். நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். −80 டிகிரியில் வேதிவினைகள் மிகமிக மெதுவாகிவிடும். ஆனாலும் சிறு பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி செல்லைக் குத்தும் வாய்ப்பு முற்றிலும் போய்விடாது. ஏறத்தாழ −135 டிகிரிக்குக் கீழே போனால்தான் நீர் மூலக்கூறுகளின் நகர்வு நடைமுறையில் நின்றுபோகிறது. திரவ நைட்ரஜன் −196 டிகிரியில் கொதிக்கிறது. அதன் ஆவிப்பகுதியே போதிய குளிர் தரும்.

இந்தக் குளிருக்கு டெல்டா புதிதல்ல. தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டையில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையில் காளைகளின் விந்து உறைய வைக்கப்படுகிறது. ஊருக்கு வந்து சினை ஊசி போடும் கால்நடை ஆய்வாளரின் கையிலிருக்கும் உலோகக் குடுவைக்குள் இருப்பது திரவ நைட்ரஜன்தான். அதில் மூழ்கியிருக்கும் உறைவிந்துக் குச்சி கால் மி.லி. மட்டுமே கொள்ளும் மெல்லிய குழாய். இரு முனையும் அடைக்கப்பட்டிருக்கும். காளையின் எண், இனம், தயாரித்த தேதி எல்லாம் மேலேயே அச்சாகியிருக்கும். ஒரு முறை வெட்டினால் கதை முடிந்தது; மறுபடி மூட வேண்டிய தேவையே இல்லை. ஒரு பொருள், ஒரு வெப்பநிலை, ஒரு பயன் என்று குறிவைத்து வடிவமைத்ததால்தான் அது நம்பகமாக இருக்கிறது. ஆய்வகத்துக்கு வாங்கும் குப்பிக்கோ பத்து வேலை உண்டு. அதனால்தான் தேர்வு சிக்கலாகிறது.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல

ஆய்வகங்களில் கிரையோவயல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 1 முதல் 5 மி.லி. வரை கொள்ளும் திருகுமூடிக் குப்பி. நம்பகமான குப்பிகள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. பார்வைக்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் பாலிஸ்டைரீன் குழாய்கள் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் உடையக்கூடியவை. உள்ளே நீர் உறைந்து விரிந்தால் விரிசல் விடும். பாலிபுரொப்பிலீன் சற்றுப் பால் நிறமாக மங்கலாகத் தெரியும், ஆனால் தாங்கும். அதற்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ −10 டிகிரிக்குக் கீழே அதுவும் நெகிழ்வை இழந்து விறைக்கிறது. −80 பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை மேசையில் தட்டினாலோ, தரையில் போட்டாலோ உடையலாம். தடிமன் எங்கும் சீராக இருக்கிறதா, அடிப்பாகத்தில் வார்ப்பின் தழும்பு மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. 2 மி.லி. குப்பியில் கழுத்துவரை நிரப்பினால் அந்த விரிவு மூடியைத்தான் தள்ளும். 1 மி.லி. அல்லது ஒன்றரை மி.லி.யோடு நிறுத்திக்கொள்வதே முறை. குப்பி கசிந்தது என்று விற்பவரைக் குறைசொல்லும் முன், எவ்வளவு ஊற்றினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

நுண்ணுயிர்க் கிருமிநீக்க உலையான ஆட்டோகிளேவில் வைக்கக்கூடிய எந்தப் பிளாஸ்டிக் குழாயும் போதுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வகத்தில் அள்ளி அள்ளிப் பயன்படும், அழுத்தி மூடும் ஒன்றரை மி.லி. குழாய்களும் பாலிபுரொப்பிலீன்தான். சில நாள் சேமிப்புக்கு அவை உதவும். ஆண்டுக்கணக்கில் வைக்க உதவாது. அவற்றின் மூடி உறைந்து விரியும் நீருக்கு ஈடுகொடுக்க முடியாமல் எம்பிவிடும்; −80 பெட்டியின் வறண்ட காற்றில் பனிக்கட்டி நேரடியாக ஆவியாகி, மாதிரி மெல்ல உலர்ந்துபோகும். ஒருநாள் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளைத் தூசு மட்டும் மிஞ்சியிருக்கும்.

மூடிதான் பாதிக் குப்பி

குப்பி தோற்கும் இடம் பெரும்பாலும் மூடி. குளிரில் எல்லாப் பொருளும் சுருங்கும். ஆனால் ஒரே அளவில் சுருங்காது. உடல் பாலிபுரொப்பிலீனாகவும் மூடி வேறொரு பிளாஸ்டிக்காகவும் இருந்தால், அறையில் இறுக்கமாக இருந்த திருகு −80இல் தளரலாம். உடலும் மூடியும் ஒரே பொருளால் ஆனவையா என்பது வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்தது நடுவில் உள்ள வளையம். சிலிக்கோன் வளையம் மற்ற ரப்பர்களைவிடக் கூடுதல் குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். சாதாரண ரப்பர் அதற்கு முன்பே விறைத்து அடைப்பை விட்டுவிடும். அதிகமாக முறுக்கினால் நல்லது என்பதும் தவறு. வளையம் பிதுங்கி மடிந்து, கசிவுக்கு வழி பிறக்கும். விரலால் இறுக்கி, எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

திருகின் புரி உள்ளே இருக்கலாம், வெளியே இருக்கலாம். உட்புரி மூடி உள்ளவை ஒல்லியாக இருக்கும். பெட்டியில் கூடுதலாக அடுக்கலாம். ஆனால் மூடியின் புரி மாதிரியைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. வெளிப்புரி மூடியில் புரி குப்பியின் வெளிச்சுவரைப் பற்றிக்கொள்வதால், திறந்து மூடும்போது உள்ளிருப்பதில் மாசு சேரும் வாய்ப்பு குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாத டெல்டாக் காற்றில் ஈரமும் பூஞ்சை வித்துகளும் நிறைந்திருக்கும். ஒரே குப்பியைப் பலமுறை திறக்க நேரும் ஆய்வகத்துக்கு வெளிப்புரிதான் பொருத்தம். ஒரு முறை மட்டும் திறந்து முடித்துவிடும் மாதிரிக்கு உட்புரியால் கேடில்லை.

இன்னொரு எச்சரிக்கை உயிரையே தொடுவது. கிரையோவயல் என்று விற்கப்படும் திருகுமூடிக் குப்பிகளில் பெரும்பாலானவற்றைத் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கவைக்கக் கூடாது. ஆவிப்பகுதியில் மட்டுமே வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். −196இல் சிலிக்கோனும் விறைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வழியே திரவம் உள்ளே நுழைகிறது. வெளியே எடுத்ததும் அந்தத் திரவம் ஏறத்தாழ 700 மடங்கு வாயுவாக விரியும். வெளியேற நேரமில்லாவிட்டால் குப்பி வெடிக்கும். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணியாமல் திரவ நைட்ரஜன் கொள்கலனைத் திறக்காதே என்று மாணவர்களுக்குச் சொல்வது வெறும் சடங்கல்ல.

கசிவு உள்ளே மட்டும் வருவதில்லை. லண்டனில் ஒரே திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்திருந்த எலும்பு மஜ்ஜைப் பைகளில் ஒன்று கசிந்து, ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ் திரவத்தின் வழியே மற்ற பைகளுக்குப் பரவி, நோயாளிகள் தொற்றுக்கு ஆளானதை 1995இல் லான்செட் இதழ் பதிவு செய்தது. குளிர் வைரஸைக் கொல்லவில்லை. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குலைநோய்ப் பூஞ்சையையும் இலைக்கருகல் பாக்டீரியாவையும் ஒரே தொட்டியில் வைக்கும் வேளாண் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட கலப்பால் மனித உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பத்தாண்டு கழித்து ஒரு குப்பியைத் திறந்து, இதில் வேறெதுவும் கலக்கவில்லை என்று சொல்ல முடியாமல் போனால் அந்தச் சேமிப்புக்கு மதிப்பில்லை.

ஸ்டெரைல் என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

குப்பியின் உறையில் ஸ்டெரைல் என்று இருக்கும். உயிருள்ள நுண்ணுயிர் இல்லை என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். பெரும்பாலும் கோபால்ட் 60 உமிழும் காமா கதிரால் இந்தக் கிருமிநீக்கம் நடக்கிறது. வழக்கமான அளவு 25 கிலோகிரே. இந்தியாவில் மருத்துவப் பொருட்களுக்கு இந்த வசதியை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐசோமெட் ஆலை 1974இலேயே தொடங்கியது. பொதுவான தரக்குறியீடு, பத்து லட்சம் பொருட்களில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள நுண்ணுயிர் இருக்கும் வாய்ப்பு இருக்கக் கூடாது என்பது. கதிர் பாலிபுரொப்பிலீனையும் சற்றுச் சிதைக்கும். அதைத் தடுக்கப் பிளாஸ்டிக்கில் நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. ஆனாலும் ஆண்டுகள் போகப்போகச் சிதைவு தொடரும். காலாவதித் தேதி தாண்டிய குப்பியில் கிருமி புகாமலே இருக்கலாம். ஆனால் அது நொறுங்கக்கூடும்.

செத்த நுண்ணுயிர் விட்டுச்சென்ற டி.என்.ஏ.வும் நொதிகளும் ஸ்டெரைல் என்ற உத்தரவாதத்துக்குள் வருவதில்லை. ஜெர்மனியில் நடந்தது இதற்குப் பெரும் பாடம். 2007இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்குக் கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்ததோடு பொருந்தியது. ஊர் ஊராகக் கொலையும் கொள்ளையும் நடத்தும் ஒரு மர்மப் பெண்ணைத் தேடிக் காவல்துறை அலைந்தது. 2009இல் உண்மை வெளியானது: அந்த டி.என்.ஏ., மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைப் பொதிசெய்த தொழிலாளி ஒருவருடையது. குச்சிகள் ஸ்டெரைல்தான், உயிருள்ள எதுவும் அவற்றில் இல்லை. ஆனால் டி.என்.ஏ. இருந்தது. தடயவியல் பொருட்களில் மனித டி.என்.ஏ. மாசைக் கட்டுப்படுத்த ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தனித் தரம் 2016இல் வந்தது.

நம் வயலுக்குத் திரும்புவோம். நோயுற்ற இலையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து வைப்பதாக இருந்தால், முதல் எதிரி ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் ஆர்.என்.ஏஸ் நொதி. விரல் தோலில்கூட இருக்கும் இந்த நொதி ஆட்டோகிளேவின் வெப்பத்தையும் தாங்கி, ஆறியதும் பழையபடி வேலையைத் தொடங்கும். எனவே ஆர்.என்.ஏ. வேலைக்கு ஸ்டெரைல் என்பதோடு ஆர்.என்.ஏஸ், டி.என்.ஏஸ் இல்லாதது என்ற சான்றும் வேண்டும். பாக்டீரியாவைக் கிளிசராலில் உறைய வைக்கும் வேலைக்கு அந்தச் சான்று தேவையில்லை, ஸ்டெரைல் போதும். விலை கூடியதே எல்லாவற்றுக்கும் நல்லது என்று வாங்குவது பணத்தை வீணாக்கும். விலை குறைந்ததையே எல்லாவற்றுக்கும் வாங்குவது மாதிரியை வீணாக்கும்.

மூன்றாவது ஆபத்து பிளாஸ்டிக்கிலிருந்தே வருவது. 2008இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். வார்ப்பிலிருந்து எளிதில் கழல்வதற்காகவும், நுண்ணுயிர் படியாமல் இருப்பதற்காகவும் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருட்கள் ஆய்வகக் குழாய்களிலிருந்து கரைசலில் கசிந்து, நொதி ஆய்வின் முடிவையே மாற்றிவிட்டன. மருந்தின் விளைவு என்று தோன்றுவது குழாயின் விளைவாக இருக்கலாம். கிருமியும் இல்லை, டி.என்.ஏ.வும் இல்லை, ஆனாலும் குழாய் குற்றவாளி.

எழுத்து அழிந்தால் மாதிரி அநாதை

1949ஆம் ஆண்டின் கிளிசரால் கண்டுபிடிப்பின் பின்னணியில் ஒரு லேபிள் குழப்பம் இருக்கிறது. லண்டன் மில் ஹில்லில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. சில மாதங்கள் கழித்துக் குளிரறையிலிருந்து பழைய புட்டியை எடுத்து மறுபடி முயன்றபோது அணுக்கள் உயிரோடு மீண்டன. புட்டியில் இருந்ததைச் சோதித்தால் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் புரதமும் இருந்தன. லேபிள்கள் மாறியிருந்தன. அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். மற்ற எல்லா ஆய்வகங்களிலும் லேபிள் மாறுவது இழப்புதான்.

சாதாரண ஒட்டுத்தாளின் பசை −80இல் பிடியை இழக்கும். ஈரம் மிகுந்த அறையில் குப்பியை வெளியே எடுத்ததும் பனி படர்ந்து, உருகி, மையைக் கரைக்கும். மேசை துடைக்கும் ஆல்கஹால் பட்டால் மிச்சமும் போய்விடும். குப்பியின் மேலேயே எழுதுவதற்கென வெள்ளைப் பரப்பு அச்சிட்டிருக்கிறதா, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தேய்த்தாலும் எழுத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய சேமிப்புக்கு அடிப்பாகத்தில் குறியீட்டுக்கட்டம் பொறித்த குப்பிகள் கிடைக்கின்றன. அவை கழன்று விழ வழியில்லை. மூடியில் மட்டும் எழுதுவது பெரும் தவறு: இரண்டு குப்பிகளை ஒன்றாகத் திறந்தால் மூடிகள் இடம் மாறிவிடும்.

மின்சாரம் போனால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. −80 பெட்டிக்கு மின்சாரம் நின்றால், கதவைத் திறக்காமல் வைத்திருந்தாலும் தாக்குப்பிடிப்பது மணிக்கணக்கில்தான். உருகி, மறுபடி உறைந்த மாதிரியில் செல்கள் இருமுறை அடிபடுகின்றன. கடற்கரையோரப் படுகையில் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் குப்பியைத் தேர்ந்தெடுக்கும்போது, உருகி உறைந்தாலும் கசியாத மூடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே மாதிரியை மூன்று நான்கு குப்பிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் வைப்பது அதைவிட முக்கியம். சண்டிகரில் 1986 முதல் இயங்கும் எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர் வங்கிகள் இருப்பது இதற்குத்தான். அங்கே நீண்டகாலச் சேமிப்புக்கு உறைய வைத்து உலர்த்தி, கண்ணாடி ஆம்பூலில் உருக்கி அடைக்கும் முறையும் உண்டு. அதற்குத் திருகும் இல்லை, வளையமும் இல்லை, மின்சாரமும் வேண்டாம்.

குலைநோய்ப் பூஞ்சைக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. வடிதாள் துண்டுகளை ஸ்டெரைல் செய்து தட்டில் பரப்பி, அவற்றின் மேல் பூஞ்சையை வளரவிட்டு, நன்றாக உலர்த்தி, −20 டிகிரியில் வைத்துவிடுவார்கள். ஆண்டுகள் கழித்து ஒரு துண்டை அகாரில் வைத்தால் வளரும். உலகின் பல குலைநோய் ஆய்வகங்கள் இப்படித்தான் செய்கின்றன. உலர்ந்த தாளுக்குக் குப்பி ஈரம் புகாமல் காத்தால் போதும். உறைந்து விரிவதைத் தாங்கத் தேவையில்லை. இலைக்கருகல் பாக்டீரியாவுக்கோ இந்த வழி ஒத்துவராது. அதற்கு 15 முதல் 20 சதவீதக் கிளிசராலும், −80 டிகிரியும், நல்ல மூடியும் வேண்டும். ஒரே வயலில் எடுத்த இரண்டு நோய்களுக்கு இரண்டு விதமான பாதுகாப்பு.

வாங்கிய பிறகு செய்யும் சோதனை

விளம்பரத் தாளை நம்பி ஆயிரக்கணக்கில் வாங்குவதைவிட, ஒரு சிறு பொதியை வாங்கிச் சோதிப்பது மலிவு. பெரும்பாலான சோதனைகளை −80 பெட்டி உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். நீல மை கலந்த தண்ணீர் 1 மி.லி. ஊற்றி மூடி, −80இல் ஒரு இரவு வைத்து, உருக்கி, வடிதாள் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். இதை ஐந்து முறை திருப்பிச் செய்யுங்கள். தாளில் நீலப்புள்ளி விழுந்தால் அந்த லாட்டை, அதாவது அந்தத் தயாரிப்புத் தொகுதியை, ஒதுக்குங்கள். நுண்தராசு இருந்தால், நீர் நிரப்பிய குப்பிகளை எடைபோட்டு வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மேற்பரப்பின் பனியைத் துடைத்து எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் மூடி ஆவியை விடுகிறது என்று பொருள்.

கிருமிநீக்கத்தைச் சோதிக்க, ஸ்டெரைல் ஊட்டக் கரைசலைப் பத்துக் குப்பிகளில் ஊற்றி இரண்டு வாரம் வெதுவெதுப்பில் வைத்துக் கலங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். பூஞ்சைக்கு உருளைக்கிழங்குக் கரைசலில் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனையின் வரம்பு தெரிந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்று கெட்டுப்போன லாட்டில்கூட, எடுத்த பத்தும் நல்லதாக அமைய ஏறத்தாழ இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கெட்டவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று ஓரளவு உறுதியாகச் சொல்வதற்கே சுமார் 300 குப்பிகள் தெளிவாக நிற்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற தரத்தை யாரும் குப்பியை எண்ணி நிரூபிப்பதில்லை. கதிர் அளவின் பதிவேட்டை வைத்துத்தான் நிரூபிக்கிறார்கள். அதனால்தான் லாட் எண்ணும் அதற்கான சான்றும் முக்கியம். லாட் எண் இல்லாமல் தளர்வாகப் பையில் போட்டு விற்கும் குப்பிக்கு ஸ்டெரைல் என்ற முத்திரை இருந்தாலும் அதற்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை.

கடைசிச் சோதனையை உங்கள் உயிரியே செய்யட்டும். ஒரே பாக்டீரியாக் கரைசலைப் பழைய லாட் குப்பியிலும் புதிய லாட் குப்பியிலும் உறைய வைத்து, ஒரு வாரம் கழித்து உருக்கி, தட்டில் முளைக்கும் காலனிகளை எண்ணுங்கள். புதியதில் மட்டும் குறைந்தால், கசியும் வேதிப்பொருள் உட்பட எதையோ அந்தக் குப்பி செய்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் முடிவெடுக்க அது போதும்.

கோயம்புத்தூரின் கோ 39 நெல் குலைநோய்க்கு மிக எளிதில் இரையாவதாலேயே உலக ஆய்வகங்களில் புகழ்பெற்றது. எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நெல் வரிசைகளைப் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதன் பின்னணியில் உருவாக்கியது. பூஞ்சையின் மரபணு ஒன்றுக்கும் அதன் பெயர் இருக்கிறது. அந்த வரிசைகளின் மேல் இந்த ஆண்டின் பூஞ்சையையும் முந்தைய ஆண்டுகளின் பூஞ்சைகளையும் பக்கம் பக்கமாகத் தெளித்துப் பார்த்தால், டெல்டாவில் எந்த எதிர்ப்பு மரபணு இன்னும் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று விதைப்புக்கு முன்பே சொல்ல முடியும். இந்தப் பருவத்தில் எடுக்கத் தவறிய மாதிரியை அடுத்த பருவத்தில் எடுக்க முடியாது. அப்போது கிடைப்பது அடுத்த பருவத்தின் பூஞ்சைதான்.

பணம் குறைந்த ஆய்வகத்துக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதல் செலவு மூடிக்கு: ஒரே பிளாஸ்டிக்கில் உடலும் மூடியும், நடுவில் சிலிக்கோன் வளையம். இரண்டாவது, அழியாமல் எழுதக்கூடிய பரப்பு. மூன்றாவது, லாட் எண்ணோடு வரும் கிருமிநீக்கச் சான்று. சான்றுள்ள குப்பியை வாங்க முடியாதபோது, ஆட்டோகிளேவ் தாங்கும் குப்பியை மூடியைத் தளர்த்தி வைத்து 121 டிகிரியில் கிருமிநீக்கி, கிளிசரால் சேமிப்புக்குப் பயன்படுத்தலாம். ஆர்.என்.ஏ. தொடர்பான சான்றுக்குப் பணம் கொடுப்பது கடைசி, ஆர்.என்.ஏ. வேலை இருந்தால் மட்டும், அந்த வேலைக்குத் தேவையான எண்ணிக்கையில் மட்டும். நிறமூடிகளும் அழகான அட்டைப்பெட்டியும் இந்த வரிசையில் வரவே வேண்டாம்.